தூக்காமல் நிற்பது

எங்கள் சத்தியவேடு பக்கத்தில் போன் அடித்தால் எடுப்பது என்று சொல்வதில்லை, லிஃப்ட் பண்ணுவது என்போம். "எம்மா நேரமா அடிக்கிறேன், லிஃப்ட் பண்ணவே மாட்டேன்றே" என்று சண்டை போடுவோம். தெலுங்குக்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று பக்கத்து வீட்டம்மா எனக்குப் போன் மேல் போன் அடித்திருக்கிறார். நான் லிஃப்ட் பண்ணவில்லை. ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனிக்குள் அப்போது என் கண் முன்னால் ஒரு பிரஸ் மெஷின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரக்கு அந்தரத்தில் இருக்கும்போது என் ஆட்களில் எவனும் போனைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். போட்டவனே மீறலாமா? மெஷின் அதன் இடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் பையிலிருந்து போனை வெளியே எடுத்தேன்.

"அண்ணா, அக்கா வுய்ந்துட்டாங்க. எய்ந்துக்க முடியல. தொடப் போனா வுடமாட்டேன்றாங்க. எங்கூட்டுக்காரரு வந்து லிஃப்ட் பண்ணட்டும், வேற யாரும் கை வைக்காதீங்கன்னு சொல்லிக்கினு ஈரத்துலயே படுத்துக்கினு கீறாங்க."

என் மனைவிக்கு என் தொழில் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதில் தப்பில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் பாரம் தூக்கித்தான் சோறு தின்றிருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் என் கையால் உட்காராத மெஷின் குறைவு. வெளிநாட்டு இஞ்சினியர்கள் படம் வரைந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் சரக்கை ஒருமுறை சுற்றி வருவேன், தட்டிப் பார்ப்பேன், பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வேன். அவர்கள் கணக்கும் என் வாயும் ஒத்துப்போகும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கும் தப்பாகச் செய்யவில்லை. என் மச்சானும் நானும் போய்ச் சேர்ந்ததும் முதலில் குளியலறைக் கதவைக் கழற்றினோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, என்னோடேயே தொழில் செய்கிறவன். கதவை அவள் பக்கத்தில் படுக்கவைத்து, அடியில் போர்வையைச் செருகி, இடுப்பு அசையாமல் அவளை அதன் மேல் நகர்த்தி, அப்படியே வேனில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் "யாரு இப்படிக் கட்டினது?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, நல்லவேளை மேற்கொண்டு எதுவும் கெடவில்லை என்றார் டாக்டர். அந்த ஒரு பாராட்டுதான் பிறகு என்னைக் கெடுத்தது என்று மச்சான் சொல்கிறான். அவன் சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. என் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் வேலை. நான் பதிமூணு பதினாலு வயதில் சித்தூர்ப் பக்கம் கிரானைட் யார்டுக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே இங்கிலீஷ் வார்த்தை லிஃப்ட். அதை மட்டும் வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? தூக்கு என்று சொல்லலாம். ஆனால் கழுத்தில் மாட்டுகிற கயிறும் தூக்குதான், பாடையையும் தூக்கத்தான் செய்கிறோம். எடு என்று சொல்லலாம். சாவு வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பதே "எப்ப எடுக்கறாங்க?" என்பதுதான். எழுப்பு என்பது சுவருக்கு, இல்லையென்றால் தூங்குகிறவனுக்கு. ஏற்று என்றால் லாரிக்கு. யார்டில் ஒரு நாள் லாரி டிரைவர் அவசரப்பட்டு வந்து, "எப்பய்யா எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். பெரிய கல், கயிறு கட்டித் தயாராக இருந்தது. எங்கள் மேஸ்திரி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"இன்னா, உங்க ஊட்டுப் பொணமா படுத்துக்கினு கீது, எடுக்கறதுக்கு? லிஃப்ட்டுன்னு சொல்லு."

அதோடு எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வந்துதான் மறுபடி கயிற்றைத் தொட்டோம். அந்த வழக்கம் இன்றைக்கும் என் ஆட்களிடம் உண்டு. பாரம் கட்டிய பிறகு தூக்கு என்ற சொல்லும் எடு என்ற சொல்லும் வாயில் வரக்கூடாது. லிஃப்ட் என்ற வார்த்தையில் சாவு கிடையாது. அதனால்தான் எங்களுக்கு அது பிடித்துப்போனது.

பிறகு கம்பெனிகள் வந்தன, கூடவே லிஃப்ட்டின் பங்காளி வார்த்தைகளும் வந்தன. கீழேயிருந்து முட்டுக்கொடுத்து உயர்த்தினால் ஜாக். மேலேயிருந்து சங்கிலியில் இழுத்தால் ஹாய்ஸ்ட். ஒரு முனையை மட்டும் கொஞ்சம் கிளப்பினால் ரெய்ஸ். எல்லாவற்றையும் கையால் செய்து தெரிந்துகொண்டேன். அவற்றுக்குள் சப்போர்ட் என்ற வார்த்தையை மட்டும் நான் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கீழே கட்டையை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பெயரா என்று நினைத்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்கு நெஞ்சு நெஞ்சாக இல்லை. இவளைக் கட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுகிறவர்கள் பேசிக்கொண்டே மாற்றினார்கள். ஒருத்தர் கையைப் பார்த்து ஒருத்தர் கை போகவில்லை. "ஷிஃப்ட் பண்ணு", "டர்ன் பண்ணு", "தலைப் பக்கம் ரெய்ஸ் பண்ணு" என்று சத்தம் போட்டார்கள். நான் குறுக்கே போய், ஒருத்தர்தான் சிக்னல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூட வேண்டும் என்றேன். நர்ஸம்மா என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். ஜன்னலில் ஏழுமலை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், காது மட்டும் உள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழ் பேசுகிறவர்.

"பெரியவரே, நீங்க லிஃப்ட் பண்ணாதீங்க. சப்போர்ட் மட்டும் குடுங்க. காலை ஊனி அவங்களேதான் எழுந்திருக்கணும். வலிக்கும், கத்துவாங்க. கத்தட்டும்."

"சரிங்க சார்."

"அடுத்த ரிவ்யூவுக்கு வீல்சேர்ல கூட்டிக்கிட்டு வராதீங்க. வாக்கர் பிடிச்சு அவங்களா உள்ள நடந்து வரணும். படுத்தே கிடந்தா முதுகுல புண் வரும், நெஞ்சுல சளி கட்டும். இந்த வயசுல அது உயிருக்கே வரும். அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, மற்றதை ஊன்றப் போனாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று பிள்ளை பெற்றபோதும் அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் கேட்டதில்லை. என் கை தானாகப் போனது. அப்படியே வாரி எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயே லிஃப்ட் பண்ணிடுய்யா, எனக்கு முடியாது" என்றாள். எனக்கு வயது எழுபதைத் தொடப்போகிறது. ஒவ்வொரு தடவையும் கையால் வாரி எடுத்தால் என் முதுகு போய்விடும். அதற்குத்தான் ஒரு யோசனை செய்தேன்.

இந்த வீட்டைக் கட்டியபோது ஊஞ்சலுக்கென்று கூடத்துக் கூரையில் பெரிய இரும்புக் கொக்கி வைத்துக் கான்கிரீட் போடச் சொல்லியிருந்தேன். ஊஞ்சல் வாங்கவே இல்லை, கொக்கி மட்டும் இருந்தது. கட்டிலை அதற்குக் கீழே இழுத்துப் போட்டோம். குடோனிலிருந்து, சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றுகிற சின்ன செயின் பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். அகலமான நைலான் பெல்ட்டில் பழைய பஞ்சு மெத்தையை வைத்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன். தொடைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, அக்குளுக்கு இடிக்காமல் ஒன்று. முதலில் சிமெண்ட் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தேன், அவள் எடைக்கு இரண்டு பங்கு வைத்து. கொக்கி அசையவில்லை.

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"மாமா, டாக்டரு இத்தச் சொல்லலையே."

"டாக்டருக்கு செயின் பிளாக்கு தெரியுமா?"

"அக்கா கால ஊனணும்னு சொன்னாரு."

"ஊனுவா. மொதல்ல வலி கொறயட்டும். நீ சங்கிலியப் புடி."

என் மனைவி படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். "சிமெண்டு மூட்ட எறங்கிச்சா? அடுத்தது நானா?" என்றாள். பெல்ட்டை மாட்டியதும் தம்பியிடம், "டேய், எடுக்கறேன்னு மட்டும் சொல்லிடாத. இன்னும் அதுக்கு நாள் கீது" என்றாள். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கையைக் காட்டினேன், சங்கிலி ஓடியது, அவள் பூப்போலக் கட்டிலை விட்டு உயர்ந்தாள். எங்கும் சாயவில்லை. வலியென்று முகம் சுளிக்கவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் இறக்கி, குளியலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றி, கட்டிலில் படுக்கவைத்தோம்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கட்டு முதல்தரமான கட்டு. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டம்மா மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். கூரையிலிருந்து சங்கிலி தொங்குகிற வீட்டுக்குள் வர மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. "ஊஞ்சலுக்கும்மா" என்று சொல்லி வைத்தேன்.

நாட்கள் போயின. வாக்கர் மூலையில் நின்றது. ஒருநாள் மச்சான் அதன் மேல் துண்டைக் காயப்போட்டான். நான் சத்தம் போட்டு எடுக்கச் சொன்னேன். அன்றைக்கும் அவள் அதைத் தொடவில்லை. "நாளைக்கு ஊனலாம்யா" என்பாள். நானும் நாளைக்கு என்பேன். காலையில் என்னைப் பார்த்ததும் பெல்ட்டுக்காக இரண்டு கையையும் உயர்த்துவாள். அந்தக் கை உயர்வது எனக்கு ஒரு சுகமாகவே இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்?

பாரம் கட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் கைதான் நம்பிக்கை. சங்கிலி கையில் எப்படி ஓடுகிறது என்பதை வைத்தே எடை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் காலையில் மச்சான் வரவில்லை, நானே சங்கிலியை இழுத்தேன். லேசாக ஓடியது. எண்ணெய் போட்டிருக்கிறானோ என்று நினைத்தேன். மேலே பார்த்தேன், பிளாக் காய்ந்துதான் இருந்தது. அவளைக் கட்டிலில் இறக்கி மறுபடி பெல்ட்டை இறுக்கிப் பார்த்தால், நான் வழக்கமாக மாட்டுகிற ஓட்டையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைப் பார்த்தேன். அடிபட்ட காலின் சதை தளர்ந்து, கெண்டைக்கால் என் மணிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது. அவள் இருமினாள். அந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"இன்னாயா அப்புடிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல."

"கால் சூம்பிக்கினு போவுது, அதான பாக்கறே. எனக்குத் தெரியாதா? ராத்திரி தடவிப் பாத்துக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிக்க வெப்பே."

அன்றைக்கு அவளைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வெளியே போய் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் ஒரு பெண் முதல் அடியிலேயே லிஃப்ட் பண்ணினாள்.

பிசியோதெரபி செய்கிற பெண். புத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். தெலுங்குக்காரப் பெண், தமிழும் பேசினாள், இரண்டையும் ஒரே மூச்சில். உள்ளே வந்தவள் முதலில் என் மனைவியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். சங்கிலியையும் பெல்ட்டையும் தொட்டுப் பார்த்தாள். நல்லா இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏமி தாத்தா இதி? யாரு கட்டினது?"

தாத்தா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "நான்தான். ரெண்டு மடங்கு வெயிட்டு டெஸ்ட் பண்ணிக் கட்டியிருக்கேன்."

"கட்டு சாலா பாவுந்தி. பேஷா இருக்கு. அம்மாவை எத்தனை தடவை நிக்க வெச்சீங்க?"

என் மனைவி படுத்தபடியே, "அவுரு எங்க நிக்க வெச்சாரு. என்னை ஏத்தி ஏத்தி எறக்கறாரு, மாங்கா லோடு மாதிரி" என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் மனைவியின் காலை மடக்கினாள், நீட்டினாள், மார்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"தாத்தா, ரிவ்யூவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குள்ள அவங்க நிக்கலேன்னா அப்புறம் நிக்கமாட்டாங்க. பயமுறுத்தறதுக்குச் சொல்லல. நெஞ்சுல சளி ஆரம்பிச்சிருக்கு. நாளையிலேர்ந்து நான் தினம் வரேன். அந்தச் சங்கிலியை இறக்கிடுங்க. நீங்க எத்தொத்து."

எத்தொத்து என்றால் தெலுங்கில் தூக்கவேண்டாம் என்று அர்த்தம். "ஆமெனே லேவனிவ்வண்டி" என்றாள். அவளையே எழுந்திருக்க விடுங்கள் என்கிறாள். எத்துவது நான் செய்கிற வேலை. லேவது அவள் செய்கிற வேலை. டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். இந்தப் பெண் சொன்னபோது திரும்பிக் கூரையில் தொங்கிய சங்கிலியைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் தூக்கிய எதுவும் தானாக எழுந்திருக்க வேண்டியதாக இருந்ததில்லை. கல் எழுந்திருக்காது, மெஷின் எழுந்திருக்காது. அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏணி போட்டுச் சங்கிலியை இறக்கினேன். என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "யோவ், அது இல்லாம நான் எப்புடிக் குளிப்பேன்? வேணாம்யா, அதக் கயட்டாத" என்றாள். நான் சங்கிலியைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். நின்று பேசினால் திரும்ப மாட்டிவிடுவேன் என்று பயம்.

அந்தப் பெண் வந்தாள். என் மனைவியைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, காலைத் தரையில் பதியவைத்து, வாக்கரை முன்னால் நிறுத்தினாள். "முன்னாடி சாயுங்கம்மா, மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும். இப்போ லேவண்டி" என்றாள். என் மனைவி எழுந்தாள், பாதி. முகம் வெளுத்தது. அந்தச் சத்தம் மறுபடி தொண்டையிலிருந்து கிளம்பியது. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் இரண்டு கையும் அவள் அக்குளுக்குள் இருந்தன, அவள் முழு பாரமும் என் மேல் இருந்தது.

"தாத்தா."

விட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், அழுதாள்.

"கையைப் பின்னாடி கட்டிக்கோங்க" என்றாள் அந்தப் பெண். கட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை அவள் உடம்பு எழும்போதே கட்டியிருந்த கை அவிழ்ந்து முன்னால் போய்விட்டது. மூன்றாம் தடவை தோளைப் பிடித்தேன், சப்போர்ட்தானே என்றேன். "இதுக்குப் பேரு சப்போர்ட் இல்ல, நீங்க தூக்கறீங்க. உங்க கையைப் பாருங்க, நரம்பு தெரியுது" என்றாள். பார்த்தேன். தெரிந்தது.

மச்சான் சிரிக்காமல் சொன்னான். "மாமா, நீ வெளிய போ. நீ இங்க கீறவரைக்கும் அக்கா உம்மேலதான் சாயும்."

"நான் இருந்தாத்தான் அவளுக்கு தெகிரியம்."

"அதான் சொல்றேன்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். போகாதே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். "போயா. உன்னைப் பாத்தா எனக்கு எய்ந்துக்கத் தோண மாட்டேன்னுது" என்றாள்.

அப்போதிருந்து தினமும் அந்தப் பெண்ணின் ஸ்கூட்டி தெருமுனையில் வந்தால் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். கதவைச் சாத்தினார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம்தான். வாக்கரின் ரப்பர் டைல்ஸில் தேய்கிற சத்தம். "இன்கா கொஞ்சம், இன்கா கொஞ்சம்" என்று அந்தப் பெண். என் மனைவியின் முனகல். பிறகு கட்டில் கிறீச்சிடும். அப்படியென்றால் உட்கார்ந்துவிட்டாள். விழுந்துவிட்டாளோ, உட்கார்ந்தாளோ, எனக்கு எப்படித் தெரியும்? சைட்டில் நான் ஒரு கையை உயர்த்தினால் கிரேன் நிற்கும். இங்கே எனக்கு ஒருத்தனும் சிக்னல் கொடுக்கவில்லை. மச்சான் எதற்காவது வெளியே வந்தால் உள்ளே என்ன என்று கண்ணால் கேட்பேன், அவன் தலையை அசைப்பான், அது ஆமாவா இல்லையா என்று தெரியாது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னாண்ணா, வெளிய நிக்கறே?" என்று கேட்டார்கள். வெயிலுக்காக நிற்கிறேன் என்றேன். சித்திரை வெயில்.

ஒரு நாள் உள்ளே பலத்த சத்தம் கேட்டது. வாக்கர் விழுந்த சத்தம். நான் கதவில் கை வைத்துவிட்டேன். மச்சான் உள்ளேயிருந்து, "மாமா, வராதே" என்றான். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். உள்ளே யாரும் பேசவில்லை. வெகுநேரம் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது, அவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். அவள் இருமுவது கேட்டது. இருமுகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பெண், "பர்வாலேது, பரவால்ல, மறுபடி" என்றாள். கைப்பிடியை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். அவள் முழங்கையில் சிராய்ப்பு. மருந்து போட்டேன். யாரும் தூக்கவில்லை, தானே கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டேன்.

"வலிச்சிச்சி. எய்ந்தேன். வேற இன்னா சொல்றது? உன்னை மாதிரி பெல்ட்டு கட்டி டெஸ்ட்டு பண்ணியா எய்ந்துக்க முடியும்?"

அதிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் குறைந்தது. ரிவ்யூவுக்கு முந்தின நாள் வரை அவள் வாக்கரைப் பிடித்துக் கூடத்தைத் தாண்டவில்லை. கட்டிலிலிருந்து சுவர்வரை போவாள், திரும்புவாள். கால் இழுத்தது. இருமல் குறைந்தது, நிற்கவில்லை. வேனில் சக்கர நாற்காலியையும் ஏற்றச் சொன்னேன். ஒரு பாதுகாப்புக்கு என்றேன். மச்சான் ஏற்றினான்.

திருப்பதியில் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. நாற்காலியை இறக்கி விரித்து, கதவுக்கு நேராக வைத்தேன். உள்ளே டாக்டர் அறைக்கு நீளமான நடை. வழியெல்லாம் கூட்டம், பெஞ்சு, தள்ளுவண்டி. தரை பளபளவென்று துடைத்திருந்தது.

அவள் வேனில் உட்கார்ந்தபடியே காலைத் தரைக்குக் கொண்டுவந்தாள். தம்பியிடம் வாக்கரைக் கேட்டாள். முன்னால் சாய்ந்தாள், மூக்கு கால் விரலுக்கு நேராக வந்தது. என் கையை நான் வேஷ்டி மடிப்புக்குள் திணித்துக்கொண்டேன். எழுந்தாள். நின்றாள். வாக்கர் கிடுகிடுவென்று ஆடியது, பிறகு ஆட்டம் நின்றது.

அவள் முதல் அடி வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. வலியா, மயக்கமா, திரும்ப உட்காரப் போகிறாளா? இப்போது பிடித்தால் போதும், ஒரு விரல் போதும் என்று என் கை கெஞ்சியது. மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, முடியலையா?" என்றேன்.

"முடியுது. நீ எதுருக்க நின்னுக்கினு கீறே. வண்டியையும் நடுவுல போட்டு வெச்சிக்கீறே. நான் எந்தப் பக்கம் போறது?"

நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒதுங்கினேன். அவள் வாக்கரை முன்னால் வைத்தாள், காலை இழுத்தாள், மறுபடி வைத்தாள். நான் அவளுக்கு ஓரடி பின்னால் நடந்தேன், அந்தப் பளபளக்கிற தரையை மட்டும் பார்த்துக்கொண்டு. டாக்டர் அறை வரும்வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.